காது கேளாதோர் வரலாறும் சைகை மொழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைகை மொழி கற்க வருகிறவர்கள், காது கேளாத பிள்ளையின் பெற்றோர், சும்மா ஆர்வத்தில் கேட்கிறவர்கள் என எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். பாரிஸும் அமெரிக்காவும்தான் அதிகம் வரும், ஏனென்றால் எழுதி வைக்கப்பட்ட வரலாறு அங்கேதான் குவிந்து கிடக்கிறது. நம்மூர்க் கதை கடைசியில்.

சைகை மொழியைக் கண்டுபிடித்தது யார்?

யாரும் இல்லை. இணையத்தில் தேடினால் அபே தெ லெப்பே என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் பெயர் வந்து நிற்கும். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. 1760 வாக்கில் பாரிஸில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார், ஏழைகளிடம் காசு வாங்கவில்லை, கைப்பணத்தைப் போட்டு நடத்தினார். ஆனால் மொழி அவர் கொடுத்தது கிடையாது. தன்னிடம் வந்தவர்கள் கைகளால் பேசிக்கொள்வதைக் கவனித்து, அதன் மேல் பிரெஞ்சு இலக்கணத்தின் காலம், பால், வேற்றுமை எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சைகைகளை ஒட்டவைத்தார். அந்த ஒட்டு வேலை ரொம்ப நாள் நிற்கவில்லை.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் பியர் தெலோஜ் இருக்கிறார். பாரிஸில் புத்தகம் பைண்டிங் செய்து பிழைத்தவர், சிறுவயதில் அம்மை கண்டு காது போனது. 1779இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். காது கேளாத ஒருவர் எழுதி அச்சான முதல் நூல் என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். சைகையைக் குறை சொல்லி இன்னொரு பாதிரியார் எழுதியதற்கு மறுப்பாக எழுதியது. பாரிஸில் எங்களைப் போன்ற தொழிலாளிகள் கூடினால் எல்லா விஷயத்தையும் சைகையிலேயே பேசிக்கொள்வோம், எங்களுக்கு யாரும் பள்ளியில் கற்றுத்தரவில்லை என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். பாதிரியார் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது, இந்த பைண்டிங்காரரின் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு.

அதற்கு முன்பு காது கேளாதவர்களை எப்படி நடத்தினார்கள்?

ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறுபட்டது. 6ஆம் நூற்றாண்டின் ரோமானியச் சட்டத் தொகுப்பில், பிறவியிலேயே காது கேளாமல் பேச்சும் இல்லாதவர் உயில் எழுத முடியாது என்று இருந்தது. பல நூற்றாண்டுகளுக்கு ஐரோப்பாவில் இந்த நிழல் விழுந்தது. 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் பெத்ரோ போன்ஸே தெ லியோன் என்ற துறவி, பெரிய பிரபு குடும்பத்துக் காது கேளாத பிள்ளைகளுக்கு எழுதவும் பேசவும் கற்றுக்கொடுத்தார். சொத்து உரிமைக் கவலையும் அதன் பின்னால் இருந்ததாகச் சொல்வார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஒரு துறவி கிடைக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

மறுபக்கம், அதே காலத்தில் இஸ்தான்புல்லில் ஒட்டோமான் அரண்மனையில் காது கேளாதவர்கள் வேலைக்கு இருந்தார்கள், அவர்களுடைய சைகை அரண்மனைக்குள் மதிப்புள்ள பேச்சாக இருந்தது. சுல்தான் முன்னால் வாய்விட்டுப் பேசுவது மரியாதைக் குறைவு என்பதால் காது கேட்கிறவர்களும் அதைக் கற்றார்கள். எத்தனை அழகான தலைகீழ் நிலை!

ஏன் எதற்கெடுத்தாலும் பள்ளி, விடுதி என்றே பேசுகிறீர்கள்? மொழியை வீட்டில் கற்றுக்கொள்ள முடியாதா?

இந்த வரலாற்றின் சாவியே இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தமிழ் உங்களுக்கு எப்படி வந்தது? அம்மாவிடமிருந்து. காது கேளாத பிள்ளைகளில் 10க்கு 9 பேருக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறவர்கள். அம்மா பேசும் மொழி பிள்ளைக்கு எட்டாது, பிள்ளைக்கு எட்டக்கூடிய மொழி அம்மாவுக்குத் தெரியாது. அப்படியானால் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சைகை மொழியை யார் கொடுப்பது?

பல பிள்ளைகள் ஒன்றாகத் தங்கும் பள்ளி விடுதியில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த ஓரிரு பிள்ளைகள் அங்கே இருந்துவிட்டால் போதும், அவர்கள் வீட்டிலிருந்தே சரளமான மொழியோடு வருவார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் அதே பள்ளியில் படித்துவிட்டு அங்கேயே ஆசிரியராக வந்தவர்கள். நாட்டுப்புறக் கதை, கேலி, பட்டப்பெயர், யாரிடம் எப்படி மரியாதையாகப் பேசுவது எல்லாமே அந்த வழியாகத்தான் வந்தது. ஆகவே விடுதியையும் காது கேளாத ஆசிரியரையும் எடுத்துவிட்டால் மொழி பரவும் வாசலே அடைபட்டுவிடும். இதைச் சைகை மொழிக்கு எதிரானவர்களும் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள், கீழே வருகிறேன்.

பிரெஞ்சு சைகை அமெரிக்காவுக்கு எப்படிப் போனது?

பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தியால். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டில் டாக்டர் காக்ஸ்வெல் என்பவரின் மகள் ஆலிஸுக்குக் காது கேட்காது. அவளுக்காகப் பள்ளி வைக்க வழி தேடி தாமஸ் காலடெட் என்ற இளம் பாதிரியார் 1815இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கே இந்தக் கல்வியைக் கையில் வைத்திருந்த பிரெய்ட்வுட் குடும்பம் தங்கள் முறையைத் தொழில் ரகசியமாகக் காத்தது, லேசில் சொல்லித்தரத் தயாராக இல்லை. லண்டனுக்கு வந்திருந்த பாரிஸ் பள்ளிக்காரர்களை அவர் சந்தித்து, பாரிஸுக்கே போய்விட்டார். 1816இல் திரும்பும்போது அந்தப் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்த லொரான் கிளெர்க் கூடவே வந்தார். காது கேளாதவர். கடற்பயணத்தில் கிளெர்க் சைகை கற்றுக்கொடுத்தார், காலடெட் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். 1817 ஏப்ரல் 15 அன்று ஹார்ட்ஃபர்டில் பள்ளி திறந்தது. கிளெர்க் அங்கே நாற்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். இவரிடம் பயின்றவர்கள் மற்ற மாநிலங்களுக்குப் போய்ப் பள்ளிகள் வைத்தார்கள், அவர்களோடு மொழியும் போனது.

ஊர் முழுக்கச் சைகை மொழி பேசிய ஒரு தீவு இருந்ததாமே, கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் இருக்கும் மார்த்தாஸ் வின்யார்ட் தீவு. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சில குடும்பங்களோடு பரம்பரைக் காது கேளாமையும் வந்தது. முதலில் அறியப்பட்டவர் ஜொனாதன் லாம்பர்ட், 1690களில் அங்கே குடியேறியவர். தீவுக்குள்ளேயே கொண்டு கொடுத்ததில் அது பரவியது. 19ஆம் நூற்றாண்டில் தீவில் 155 பேருக்கு ஒருவர், சில்மார்க் என்ற ஊரில் 25 பேருக்கு ஒருவர் காது கேளாதவர் என்பது மானுடவியலாளர் நோரா எலன் க்ரோஸ் திரட்டிய கணக்கு. அமெரிக்கா முழுமைக்கும் அப்போது ஏறக்குறைய 5,700 பேருக்கு ஒருவர்தான்.

கணக்கைவிடச் சுவையானது என்னவென்றால், காது கேட்கிற ஊர்க்காரர்களும் சின்ன வயதிலேயே சைகை கற்றார்கள். மீன்பிடிப் படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கத்திப் பேச வேண்டிய தேவை இல்லை. காது கேட்கிறவர்கள் தங்களுக்குள்ளேயே கூட சில சமயம் கையால் பேசிக்கொண்டார்கள். யாரெல்லாம் காது கேளாதவர்கள் என்று பிற்பாடு வயதானவர்களிடம் விசாரித்தபோது, அதை அந்த ஆளின் முதல் அடையாளமாக அவர்கள் சொல்லவில்லை. அவர் நல்ல மீனவர், இவர் இன்ன தெருக்காரர், அப்புறம் போகிற போக்கில் "ஆமாம், காது கேட்காது." கல்யாணம், தொழில், ஊர்க்கூட்டம் எதிலும் தடை இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு தீவுப் பிள்ளைகள் ஹார்ட்ஃபர்ட் பள்ளிக்குப் போனார்கள், வெளியூர்க்காரர்களைக் கட்டிக்கொண்டார்கள், மரபு கலைந்தது. பரம்பரைக் காது கேளாமை உள்ள கடைசித் தீவுக்காரர் 1952இல் இறந்தார். ஆனால் தீவின் சைகைகளில் ஒரு பங்கு இன்றைய அமெரிக்கச் சைகை மொழிக்குள் கலந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

1880 மிலான் மாநாட்டில் என்னதான் நடந்தது?

செப்டம்பர் 6 முதல் 11 வரை, இத்தாலியின் மிலான் நகரில், காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு. வந்தவர்கள் 164 பேர், பெரும்பாலும் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும். காது கேளாதவர் என்று பார்த்தால் அமெரிக்கக் குழுவில் வந்த ஜேம்ஸ் டெனிசனின் பெயர்தான் வழக்கமாகச் சொல்லப்படும். யாருடைய மொழியைப் பற்றி முடிவெடுக்கிறார்களோ அவர்களைக் கிட்டத்தட்ட வெளியே நிறுத்திவிட்டு நடந்த கூட்டம் அது. சைகையைவிட வாய்ப்பேச்சே உயர்ந்தது, அதுவே பயிற்று முறையாக வேண்டும் என்ற தீர்மானம் 160க்கு 4 என்ற கணக்கில் நிறைவேறியது. நன்றாகப் பயிற்சி கொடுத்த உள்ளூர் மாணவர்களை மேடையேற்றிப் பேசவைத்துக் காட்டினார்கள். "பேச்சு வாழ்க" என்ற முழக்கத்தோடு மாநாடு முடிந்தது.

அதற்கு எந்த நாட்டிலும் சட்ட வலு கிடையாது. ஆனாலும் ஐரோப்பாவில் பள்ளிக்குப் பள்ளி சைகை விலக்கப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போக வேண்டியதாயிற்று, காதே கேட்காதவர் எப்படி உச்சரிப்பு சொல்லித்தருவார் என்பது காரணம். அமெரிக்காவில் 1870களில் ஆசிரியர்களில் ஏறத்தாழ 40 சதவீதமாக இருந்தவர்கள் முதல் உலகப் போர் முடியும்போது 15 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டார்கள்.

டெலிபோன் கிரகாம் பெல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம். அவருடைய அம்மாவுக்கும் மனைவி மேபலுக்கும் காது கேட்காது. அவரே காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த ஆசிரியர், டெலிபோன் எல்லாம் அப்புறம். 1883இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் முன் ஒரு கட்டுரை வாசித்தார்: காது கேளாதவர்கள் ஒருவரை ஒருவர் மணந்துகொண்டே போனால் மனித இனத்தில் காது கேளாத தனி வகை ஒன்று உருவாகிவிடும் என்ற பயம். திருமணத்தைச் சட்டம் போட்டுத் தடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று அவருக்கே தோன்றியது. அதனால் காரணத்தை வெட்டலாம் என்றார். அவர் சுட்டிய காரணங்கள் மூன்று: பிள்ளைகளை ஒன்றாகத் தங்கவைக்கும் பள்ளி, சைகை மொழி, காது கேளாத ஆசிரியர். மேலே மொழி பரவும் வாசல் என்று சொன்னேனே, சரியாக அதே இடம்.

கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அதனால் விளைவு ஒன்றும் மாறவில்லை.

பேசக் கற்றுக்கொடுப்பதில் என்ன தப்பு?

ஒரு தப்பும் இல்லை. மற்றதைப் பிடுங்கியதுதான் தப்பு. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வது எவ்வளவு கஷ்டம் என்று கண்ணாடி முன்னால் நின்று "பல், மல்" என்று சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பாதிக்கு மேல் ஊகம். ஓரளவு கேட்கும் திறன் மிச்சமிருந்தவர்களும், பேச்சு வந்த பிறகு காது போனவர்களும் இந்த முறையில் நன்றாக வந்தார்கள், மேடையில் காட்டப்பட்டதும் அவர்களைப் போன்றவர்கள்தான். பிறவியிலேயே கேட்காத பிள்ளைகள் பலர் ஒரு எழுத்தின் உச்சரிப்போடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள், கணக்கும் சரித்திரமும் கற்க வேண்டிய நேரம் அதில் போனது. கையை நாற்காலியில் வைத்து அதன் மேலேயே உட்காரச் சொன்னதையும், ஸ்கேலால் விரலில் அடி வாங்கியதையும் பல நாட்டுப் பழைய மாணவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

அப்புறம் எப்படித்தான் பிழைத்தது?

வாத்தியார் விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகு பிழைத்தது. வகுப்பில் தடை, விடுதியில் பேச்சு. பள்ளியை விட்டு வெளியே வந்தால் சங்கங்கள் இருந்தன. பாரிஸில் 1834இலேயே ஃபெர்தினான் பெர்த்தியே முதலான காது கேளாதவர்கள், லெப்பேயின் பிறந்தநாளைச் சாக்காக வைத்து ஆண்டுதோறும் விருந்து நடத்தத் தொடங்கியிருந்தார்கள். அந்த விருந்தில் சைகை தெரியாதவர்தான் அந்நியர். அமெரிக்காவில் மிலான் நடந்த அதே 1880இல், சில நாட்களுக்கு முன்புதான், சின்சினாட்டியில் காது கேளாதோரின் தேசியச் சங்கம் பிறந்தது.

அச்சகங்களையும் சொல்ல வேண்டும். காது கேளாதோர் பள்ளிகள் அச்சுக்கோக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்தன, எந்திர இரைச்சல் இவர்களுக்கு ஒரு பொருட்டில்லை, அமெரிக்காவின் பெரிய நாளிதழ்களின் அச்சுக்கூடங்களில் தலைமுறைகளாகக் காது கேளாதவர்கள் வேலை பார்த்தார்கள். நல்ல சம்பளம், கூடவே பேச ஆள். கம்ப்யூட்டர் வந்து அந்த வேலையைத் தின்றது வேறு கதை.

இன்னொன்று, சினிமா. தேசியச் சங்கத் தலைவராக இருந்த ஜார்ஜ் வெடிட்ஸ், மொழி அழிந்துவிடுமோ என்று பயந்து, சங்கத்தின் நிதியில் நல்ல சைகைப் பேச்சாளர்களைப் படம் பிடிக்கும் திட்டத்தை நடத்தினார். 1913இல் அவரே கேமரா முன் நின்று நிகழ்த்திய உரை இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. ஒலியே தேவைப்படாத மொழிக்கு மௌனப்படக் காலம் எவ்வளவு பொருத்தம்!

நாஜி ஜெர்மனியில் காது கேளாதவர்களுக்கு என்ன ஆனது?

1933 ஜூலையில் வந்த சட்டம் பரம்பரைக் காது கேளாமையையும் கட்டாயக் கருத்தடைப் பட்டியலில் சேர்த்தது. மொத்தம் சுமார் 4 லட்சம் பேர் அந்தச் சட்டத்தில் மலடாக்கப்பட்டார்கள். அதில் காது கேளாதவர்கள் 17,000 பேர் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பல இடங்களில் பெயரை எழுதிக் கொடுத்தது அவர்களுடைய சொந்தப் பள்ளித் தலைமையாசிரியர்கள். அடுத்த கட்டமாக 1940, 41இல் கிராஃபெனெக், ஹாடமார் போன்ற ஆறு இடங்களில் விஷவாயுவால் கொல்லப்பட்ட சுமார் 70,000 பேர் பெரும்பாலும் மனநோய், மனவளர்ச்சிக் குறைபாடு என்று பட்டியலிடப்பட்டவர்கள், அவர்களுக்குள் காது கேளாதவர்களும் உண்டு.

சைகை ஒரு முழு மொழி என்று எப்போது ஒப்புக்கொண்டார்கள்?

1960இல் வில்லியம் ஸ்டோக்கி வெளியிட்ட ஆய்விலிருந்து என்று சொல்லலாம். வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரிக்கு (1864இல் லிங்கன் கையெழுத்திட்டு வந்தது) ஆங்கிலம் கற்பிக்கப் போனவர் அவர். கைவடிவம், அது உடலில் எந்த இடத்தில், எப்படி அசைகிறது என்று பிரித்துப் பார்த்தால், பேச்சு மொழியின் ஒலிகளைப் போலவே இவையும் ஒரு ஒழுங்கில் சேர்கின்றன என்று காட்டினார். உடன் வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள், காது கேளாதவர்களிலும் பலர் நம்பவில்லை. எண்பது வருடம் "இது மொழி இல்லை" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தால் அப்படித்தான். 1965இல் வந்த அகராதியை அவர் டோரதி கேஸ்டர்லைன், கார்ல் க்ரோனபெர்க் என்ற இரண்டு காது கேளாத சக ஆசிரியர்களுடன் சேர்ந்து செய்தார். அவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1988 போராட்டம் எதற்கு?

அதே காலடெட், அப்போது பல்கலைக்கழகம். 124 ஆண்டுகளில் ஒரு முறைகூடக் காது கேளாதவர் தலைவராக இருந்ததில்லை. மார்ச் 6 அன்று நிர்வாகக் குழு இறுதிச் சுற்றில் இருந்த இரண்டு காது கேளாதவர்களை விட்டுவிட்டு, சைகை மொழி தெரியாத எலிசபெத் ஸின்சரைத் தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் வாசல்களில் வண்டிகளை நிறுத்தி வளாகத்தை அடைத்தார்கள், நாடாளுமன்றக் கட்டடத்துக்கு ஊர்வலம் போனார்கள். ஒரே வாரம். ஸின்சர் விலகினார், குழுத் தலைவர் விலகினார், அந்தப் பதவிக்குக் காது கேளாத ஃபிலிப் பிரவின் வந்தார், மார்ச் 13 அன்று ஐ. கிங் ஜோர்டன் பல்கலைக்கழகத் தலைவரானார். குழுவில் பெரும்பான்மை காது கேளாதவர்களாக இருக்க வேண்டும் என்பதும் ஏற்கப்பட்டது.

உலகம் முழுக்க ஒரே சைகை மொழிதானே?

இல்லை. ஆங்கிலம் பேசும் இங்கிலாந்துக்காரரும் அமெரிக்கரும் சைகையில் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளத் திணறுவார்கள். அமெரிக்கச் சைகைக்கு உறவு பிரெஞ்சு. புதிதாகவும் பிறக்கின்றன: நிகரகுவாவில் 1970களின் கடைசியில் மனாகுவா நகரப் பள்ளிகளில் காது கேளாத பிள்ளைகளை முதன்முறையாகக் கூட்டமாகச் சேர்த்தார்கள், ஆசிரியர்கள் உதட்டசைவு சொல்லித்தந்துகொண்டிருக்க, பிள்ளைகள் விளையாட்டு நேரத்திலும் பஸ்ஸிலும் தாங்களே ஒரு மொழியை உண்டாக்கிவிட்டார்கள்.

மிலானுக்கு யாராவது வருத்தம் தெரிவித்தார்களா?

130 ஆண்டு கழித்து. 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசை, மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தமும் தெரிவித்தது.

காக்ளியர் இம்ப்ளான்ட் வந்துவிட்டதே, இனி சைகை மொழி எதற்கு?

அறுவை செய்து உள்காதில் கேட்க உதவும் கருவி (அதுதான் காக்ளியர் இம்ப்ளான்ட்) வைப்பது தப்பு என்று நான் சொல்லமாட்டேன், பெற்றோரைக் குற்ற உணர்வில் தள்ளுவதும் எனக்குப் பிடிக்காது. ஆனால் கருவி வைத்தவுடன் பேச்சு வந்துவிடாது, பயிற்சிக்கு ஆண்டுகள் வேண்டும், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பலன் கிடைப்பதில்லை, கருவியைக் கழற்றினால் பிள்ளை மறுபடி காது கேளாத பிள்ளைதான். முதல் சில ஆண்டுகளில் ஏதாவது ஒரு மொழி முழுசாகக் கிடைத்தாக வேண்டும். பேச்சு வரும்வரை சைகையை ஒளித்துவைப்பது, எனக்கென்னவோ, மிலானின் புது உடுப்பாகத்தான் தெரிகிறது. இரண்டும் இருக்கட்டுமே.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் இந்தக் கதை எப்படி?

பம்பாயில் 1885, கல்கத்தாவில் 1893, இவை முதல் பள்ளிகள். தெற்கே பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி 1890களில் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. தேதிகளைக் கவனியுங்கள், எல்லாம் மிலானுக்குப் பிந்தியவை. ஆகவே இங்கே வாய்ப்பேச்சு முறைதான் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது, சைகை வழக்கம் போல விடுதிப் பக்கம் வளர்ந்தது.

1970களில் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்ட் முதலியோர் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களின் சைகைகளைத் திரட்டி ஒப்பிட்டார்கள். சொற்கள் கொஞ்சம் மாறினாலும் இவை ஒரே மொழியின் வட்டார வழக்குகள் என்று முடிவுக்கு வந்தார்கள். வசிஷ்டாவே பதினோரு வயதில் காது போன இமாச்சலக்காரர், காலடெட்டில் படித்தவர். தமிழ்ச் சைகை மொழி, இந்திச் சைகை மொழி என்று கேட்கிறவர்களுக்கும் இதுவே பதில்: மதுரைக்காரரும் டெல்லிக்காரரும் கையால் பேசினால் அரை மணியில் ஒத்துப்போய்விடுவார்கள், நம் இந்தி எதிர்ப்பெல்லாம் அங்கே எடுபடாது.

அரசுப் பக்கம், இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் டெல்லியில் 2015இல் வந்தது. அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு தொடங்கி 2021இல் 10,000க்கு வளர்ந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைத் தகவல் தொடர்பின் ஒரு வடிவமாக ஏற்கிறது. வகுப்பறைக்குள் சரளமாகச் சைகை செய்யும் ஆசிரியர்கள், அதிலும் காது கேளாத ஆசிரியர்கள், இன்னும் மிகக் குறைவு.

நான் கற்றுக்கொள்ள வேண்டும், எங்கே தொடங்குவது?

மேலே சொன்ன மையத்தின் அகராதி வீடியோக்கள் யூடியூபில் இலவசம், சொற்களுக்கு அது போதும். மொழிக்கு ஆள் வேண்டும். உங்கள் மாவட்டத்தில் காது கேளாதோர் சங்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், வகுப்பு எடுப்பவர் காது கேளாதவராக இருந்தால் அங்கேயே சேருங்கள். முதல் நாள் அவர் முகத்தைப் பாருங்கள், கையைப் பார்க்காதீர்கள். புருவத்தைத் தூக்கினால் கேள்வி, தலையை இடமும் வலமுமாக ஆட்டினால் மறுப்பு, இலக்கணத்தில் பாதி முகத்தில்தான் இருக்கிறது.